ராவில கமரா அலேட் கொட்டுது, ஆனா கள்ளன் வந்த நேரம் ஒண்டும் வரேல்ல – உப்புவெளி

உப்புவெளிப்பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் உப்புவெளி வீட்டில தனிய இருக்கினம், நான் வேலைக்காக கொழும்பில. கிணத்தடியும் பின் மதிலும் தெரியிற மாதிரி தாழ்வாரத்துக்குக் கீழ ஒரு வைஃபை கமரா பூட்டிக் குடுத்தனான், கரண்டில ஓடுறது, மோசனும் ஆள் கண்டுபிடிக்கிறதும் ரெண்டும் ஓன், சென்சிற்றிவிற்றி கூடினதில இருக்கு. அலேட் ராவு 10ல இருந்து விடிய 5 வரைக்கும் எண்டுதான் போட்டது, ஆனா 7.30 போலயே அடிக்கத் தொடங்கிடும், முருங்கை ஆடினா வருது பூச்சி பறந்தா வருது அம்மா கிணத்தடிக்குப் போனா வருது, ஃபோனைப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. போன கிழமை விடியப்புறம் ஆரோ மதிலேறிக் குதிச்சு மோட்டர் வயரை வெட்டிக்கொண்டு போயிட்டான். மூண்டேகால் போல பக்கத்து வீட்டு நாய் விடாமல் குலைச்சதாம். அந்த நேரம் எனக்கு ஒரு அலேட்டும் இல்ல! கமராவுக்குள்ள இருக்கிற மெமரி கார்ட்டில பாத்தா ஆள் குதிக்கிறது வடிவா பதிவாகியிருக்கு. நாய்ச் சத்தத்துக்கு அம்மா கதவைத் திறந்திருந்தா எண்டு நினைக்க நெஞ்சு பதறுது. கமராவை மாத்துறதா, இல்ல இதையே சரிப்படுத்தலாமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

திருமலைவயர்மன்:
தம்பி, கமராவை இப்ப மாத்தாதேங்கோ. 10க்குத் தொடங்க வேண்டியது 7.30க்குத் தொடங்குது எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள், அங்கதான் விசயம் இருக்கு. கார்ட்டில இருக்கிற அந்த வீடியோவைத் திறந்து மூலையில என்ன நேரம் காட்டுது எண்டு பாருங்கோ. சில கமராவில நேர வலயம் சீனாவின்ர நேரத்தில, அதாவது உலகப் பொது நேரத்துக்கு +8 மணியில கிடக்கும், எங்கடது +5.30. ரெண்டரை மணித்தியாலம் முந்தி ஓடும். அப்பிடியெண்டா கமராவுக்கு 10 மணி ஆகேக்க எங்களுக்கு 7.30, அதுக்கு 5 மணி ஆகேக்க எங்களுக்கு விடியப்புறம் 2.30. அதோட அது அலேட்டை நிப்பாட்டிடும், கார்ட் மட்டும் தன்பாட்டில பதிஞ்சுகொண்டு இருக்கும். மூண்டேகாலுக்கு வந்தவனுக்கு எப்பிடி அலேட் வரும்?

உப்புவெளிப்பெடியன்:
அண்ணை, இப்பத்தான் பாத்தன், கும்மிருட்டுக்குள்ள குதிக்கிறான், மூலையில 5.47 எண்டு இருக்கு! ஆப்பில நேர வலயத்தை மாத்திட்டன், பெரிய உபகாரம். ஆனா இந்தப் பூச்சிக்கும் மரத்துக்கும் வாறதை என்ன செய்யிறது?

திருமலைவயர்மன்:
அதையும் விடக்கூடாது, ஏனெண்டா வெறும் கரைச்சல் மட்டுமில்ல அது. கன கமராக்கள் ஒரு அலேட் அனுப்பினா பிறகு கொஞ்ச நேரம், சிலதில ஒரு நிமிசம் சிலதில அஞ்சு நிமிசம், அடுத்ததை அனுப்பாது. முருங்கை ஆடி அலேட் போன அந்த இடைவெளியில ஆள் வந்தா உங்களுக்குத் தெரியவே வராது. பொய் அலேட் உண்மையானதைத் தின்னுது எண்டு நான் பூட்டப் போற வீட்டில எல்லாம் சொல்றனான். அதால மோசன் அலேட்டை நிப்பாட்டி ஆளுக்கு மட்டும் வையுங்கோ, மோசன் எண்டது படத்தில வெளிச்சம் மாறினாலே அடிக்கும், ஆளுக்கெண்டு இருக்கிறது உருவத்தைப் பாத்துத்தான் முடிவெடுக்கும். பிறகு ஆப்பில கமரா கவனிக்க வேண்டிய பகுதியைக் கீறுற இடத்தில முருங்கையை வெளிய விட்டு மதிலடியையும் கிணத்தடியையும் மட்டும் கீறுங்கோ, சென்சிற்றிவிற்றியை நடுவில வையுங்கோ.

இன்னொண்டு, தாழ்வாரத்துக்குக் கீழ எண்டீங்கள். ராவில கமரா விடுற இன்ஃப்ராரெட் வெளிச்சம் பக்கத்துச் சுவரிலயோ கூரைத் தகட்டிலயோ பட்டுத் திரும்பினா கிட்ட எல்லாம் வெள்ளையா எரியும், தூரத்து மதில் கறுத்துப் போகும், அங்க நிக்கிற ஆளை அது காணாது. கமராவை ஒரு சாண் வெளிய எடுத்து கொஞ்சம் கீழ சரிச்சு விட்டாலே பெரிய மாற்றம் தெரியும். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால ஒரு நூல் ஆடினாலும் திரையில தடிச்ச வெள்ளைக் கயிறு மாதிரித்தான் தெரியும். கடற்கரைப் பக்கமெண்டா உப்பும் படியும், ராவில படம் பனிப்புகார் மூடின மாதிரி இருந்தா அதுதான் காரணம். நல்ல தண்ணியில நனைச்ச மெல்லிய துணியால துடைக்கச் சொல்லுங்கோ, காய்ஞ்ச துணியால தேய்ச்சா கீறல் விழும்.

கோட்டையடிஅக்கா:
எங்கட பக்கம் பூச்சியை விட மான்தான். பிரெட்றிக் கோட்டைப் பக்கத்து மான் எல்லாம் ராவில ஒழுங்கைக்குள்ள வந்து குப்பையைக் கிளறும், ஒவ்வொண்டுக்கும் அலேட். ஆளுக்கு மட்டும் எண்டு மாத்தின பிறகு நல்லாக் குறைஞ்சிட்டு, நேரா முகம் காட்டி வாற மானைத்தான் இடைக்கிடை ஆளெண்டு சொல்லும், அதை நான் பொறுத்துக்கொள்றன். தம்பி, ஃபோனையும் பாருங்கோ. ஆப்புக்குள்ள அலேட் பட்டியலில இருந்து ஃபோனில சத்தம் வரேல்லை எண்டா கமராவில பிழை இல்ல, ஃபோன் பற்றரி மிச்சம் பிடிக்க அந்த ஆப்பை நித்திரையாக்குது. பற்றரி செற்றிங்கில கட்டுப்பாடு இல்லாமல் விடுங்கோ. பட்டியலிலயே இல்லாட்டித்தான் கமராவைத் தேட வேணும்.

நிலாவெளிக்காரன்:
இடையில ஒண்டு கேக்கிறன், எங்கட சோலார் கமரா ராவில ஒழுங்கா அடிக்குது, கச்சான் காத்து வீசுற மாசங்களில மத்தியானம் ஆள் கேற்றால நடந்து வந்தாலும் பேசாமல் இருக்கு. ஏன்?

திருமலைவயர்மன்:
அது பற்றரியில ஓடுறது, உடம்புச் சூட்டை அறிஞ்சுதான் முழிக்கும். 35 பாகை தாண்டின வெயிலில ஆளின்ர சூடும் சுத்துச் சூடும் கிட்டத்தட்ட ஒண்டாப் போயிடும், அதுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தச் சென்சருக்கு நேர வாற ஆளை விட குறுக்க போற ஆளைத்தான் நல்லாத் தெரியும், கேற்றுக்கு நேர வைக்காமல் பக்கவாட்டில வைச்சுப் பாருங்கோ.

உப்புவெளிப்பெடியன், எல்லாம் செய்த பிறகு இருட்டினதும் அப்பாவை மதிலடியில இருந்து கிணத்தடிக்கு நடக்கச் சொல்லுங்கோ, நீங்கள் ஃபோனைப் பாத்துக்கொண்டு இருங்கோ. மதிலடியில நிக்கேக்க வராமல் கிணத்தடிக்கு வந்த பிறகுதான் வருதெண்டா ஆள் படத்தில சின்னனாத் தெரியுது, கமரா இன்னும் கிட்டப் போக வேணும்.

கோட்டையடிஅக்கா:
அந்த வீடியோவை இண்டைக்கே ஃபோனில இறக்கி வையுங்கோ, கார்ட் நிறைஞ்சா பழசை அழிச்சுப்போட்டுத்தான் எழுதும். பொலிசில முறைப்பாடு குடுக்கேக்க வீடியோவில தெரியிற நேரம் ரெண்டரை மணித்தியாலம் கூட எண்டு எழுத்தில சொல்லிவிடுங்கோ, இல்லாட்டி பிறகு நேரம் பொருந்தேல்லை எண்டு இழுபடும். மற்றது தம்பி, அலேட் கொழும்பில இருக்கிற உங்களுக்கு மட்டும் வந்தா போதாது. ஒழுங்கையில நம்பிக்கையான ஒராளையும் ஆப்பில சேர்த்து விடுங்கோ, அம்மாவைச் சத்தம் கேட்டாலும் கதவைத் திறக்காமல் முதல்ல அவைக்குக் கோல் எடுக்கச் சொல்லுங்கோ.

உப்புவெளிப்பெடியன்:
சரி அக்கா, வீடியோ இப்ப இறங்குது. பின் வளவு மாமாட்டக் கேட்டன், தன்ர ஃபோனிலயும் போட்டு விடச் சொல்றார். சனிக்கிழமை ஊருக்கு வந்து கமராவை வெளிய எடுத்துப் பூட்டி அப்பாவை நடக்க விட்டுப் பாத்திட்டு எழுதுறன்.