பொன்னியின் செல்வனுக்குப் பிறகு அம்மாவுக்கு எதைக் கொடுக்கலாம்?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். அம்மாவுக்குச் சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில். வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீராணம் ஏரிக்கரை அவர் நடந்து வளர்ந்த கரை. ஐந்து பாகங்களையும் திரும்பத் திரும்பப் படித்தவர். ஆனால் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிர்விடும் கடைசி அத்தியாயம் வந்தால் இன்றும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார். "இதோடு எப்படி விட முடியும்?" என்பதுதான் அவர் கேள்வி. பின்னால் யார் யார் என்ன ஆனார்கள் என்று முடிவுரையில் கல்கி சுருக்கமாகச் சொல்லியிருப்பது அவருக்குப் போதவில்லை.

பொங்கலுக்கு, இதன் தொடர்ச்சியாக அண்மையில் வந்த ஒரு நாவலை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு அத்தியாயம்கூடத் தாண்டவில்லை. "பெயர்தான் வந்தியத்தேவன், பேச்சு அவனுடையது இல்லை" என்று மூடி வைத்தவர், ஏதோ உறவுக்காரரைப் பறிகொடுத்ததுபோல இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. எனக்கும் மனசு கேட்கவில்லை.

சிவகாமியின் சபதம் பிடித்தது. ஆனால் அது பல்லவர் கதை. பாலகுமாரனின் உடையாரை ரசித்துப் படித்தார். இருந்தும் அதில் பெரிய கோயிலும் ராஜராஜனும்தான் முன்னால் நிற்கிறார்கள்; அவர் தேடுவது வாணர்குல வீரன் வந்தியத்தேவனின் குறும்பை.

மிச்சமிருப்பது, பொன்னியின் செல்வன் கதையைத் தொடர்ந்து விக்கிரமன் எழுதிய நந்திபுரத்து நாயகி. இன்னொரு ஏமாற்றத்தை அவருக்குத் தர எனக்கு மனமில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள்: கல்கியின் வந்தியத்தேவனை நேசிப்பவருக்கு அதை நம்பிக் கொடுக்கலாமா?