வெய்வர்ல கிளெய்ம் பண்ணி, ஒரே வாரத்துல டி.எஃப்.ஏ. எதுக்கு இந்த வேலை?

வைல்ட்பிட்ச்:
எம்.எல்.பி. (அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால்) டிரான்ஸாக்‌ஷன் லிஸ்ட்ல அடிக்கடி பார்க்கறேன். ஒரு அணி வெய்வர்ல (ஒரு அணி விடற ஆளை மத்த அணிகள் எடுத்துக்கற ஏற்பாடு) ஒரு ரிலீவரை (ஆட்டத்தோட நடுவுல இறங்கற பந்துவீச்சாளர்) கிளெய்ம் பண்ணுது, நாலஞ்சு நாள்ல அவரையே டி.எஃப்.ஏ. பண்ணுது, அதாவது 40 பேர் ரோஸ்டர்லேர்ந்து நீக்குது. வேண்டாம்னா எதுக்கு எடுக்கணும்? வேணும்னா எதுக்கு வெளியே விடணும்?

நாற்பதாவதுஆள்:
வேணும்னுதான் வெளியே விடறாங்க. ஆள் ட்ரிபிள்-ஏல (மேஜருக்கு அடுத்தபடியான மைனர் லீக்) இருக்கணும், ஆனா 40 பேர் ரோஸ்டர்ல (மேஜர்ல ஆடத் தகுதியானவங்க பட்டியல்) இடத்தை அடைக்கக் கூடாது. அதுக்கு அவுட்ரைட் (40லேர்ந்து எடுத்து மைனருக்கு அனுப்பறது) வெய்வர்ல மத்த 29 அணிகளும் அவரைத் தொடாம விடணும்.

டி.எஃப்.ஏ. பண்ணின உடனே 40ல ஒரு இடம் காலி. அப்புறம் 7 நாள் கெடு: டிரேட், ரிலீஸ், இல்லேன்னா வெய்வர். வெய்வருக்கே 48 மணி நேரம் ஆகும், அதனால 5ஆம் நாளுக்குள்ள போட்டாகணும். அதுவரைக்கும் யாராவது டிரேடுக்கு வர்றாங்களான்னு பார்ப்பாங்க. பல அணிகள் கேட்டா, வெற்றி சதவீதம் குறைவான அணிக்குத்தான் முன்னுரிமை. யாராவது கேட்டுட்டா போனது போனதுதான், வாபஸ் வாங்க முடியாது.

இடம் அவசரமா தேவைப்படலேன்னா டி.எஃப்.ஏ. இல்லாமலே வெய்வர்ல போடலாம். சத்தமில்லாம முடிஞ்சிடும்.

பென்ச்கோச்:
யாரும் கேட்காம நழுவுறதுல பாதி, சரியான நேரம் பார்த்துப் போடறதுலதான் இருக்கு. கிளெய்ம் பண்றவங்க தங்களோட 40ல இடம் ஒதுக்கணும். மார்ச் கடைசி வாரம் இதுக்குத் தோதான நேரம்: ஆப்ஷன் (வெய்வர் இல்லாம மைனருக்கு அனுப்பற வாய்ப்பு) தீர்ந்த ஆட்கள் எல்லா அணியிலிருந்தும் ஒரே சமயத்துல வெய்வருக்கு வருவாங்க, எல்லார் ரோஸ்டரும் நிரம்பி வழியும். சீசன் நடுவுல அப்படியில்ல. யாரையாவது 60 நாள் காயப்பட்டியலுக்கு மாத்தினா அவர் 40ல கணக்கில்லை, உடனே இடம் கிடைச்சிடும்.

அடுத்தது ஆப்ஷன். மிச்சம் இருக்கிற ஆளை எடுத்த அணி நேரா மைனருக்கு அனுப்பலாம், அதனால கிராக்கி அதிகம். தீர்ந்த ஆளை 26 பேர் ரோஸ்டர்லயே (மேஜர்ல ஆடற அணி) வெச்சாகணும், பலர் தயங்குவாங்க. 2022லேர்ந்து இன்னொரு சிக்கல்: ஒரே சீசன்ல 5 தடவைக்கு மேல ஆப்ஷன் பண்ண முடியாது, ஆறாவது தடவைக்கு வெய்வர்தான்.

எடுக்கிற அணி ஒப்பந்தத்தையும் சேர்த்தே சுமக்கணும். 2026ல குறைந்தபட்ச மேஜர் லீக் சம்பளம் 7,80,000 டாலர். அதுக்கு மேல வாங்கறவரை எடுக்க யோசிப்பாங்க. சில அணிகள் மைனர்ல இருந்தாலும் கணிசமான தொகை உறுதின்னு ஸ்ப்ளிட் கான்ட்ராக்ட் (மேஜருக்கும் மைனருக்கும் தனித்தனி சம்பளம்) போடறது இதுக்குத்தான். என் பார்வையில ரோஸ்டர் வேலையிலேயே கெட்டிக்காரத்தனமான விஷயம் இது.

வைல்ட்பிட்ச்:
சரி, யாரும் கேட்கலேன்னா ஆள் அவங்களுக்குத்தானே?

நாற்பதாவதுஆள்:
முதல் தடவை அவுட்ரைட் ஆகறவர், சர்வீஸ் (மேஜர்ல இருந்த காலம்) 3 வருஷத்துக்குக் கீழேன்னா பொதுவா மறுக்க முடியாது. முன்னாடியே ஒரு தடவை அவுட்ரைட் ஆனவரோ, 3 வருஷம் தாண்டினவரோ ஃப்ரீ ஏஜென்ட்டா (எந்த அணியிலும் சேரலாம்) கிளம்பலாம். ஆனா 5 வருஷம் முடியாதவர் கிளம்பினா மிச்ச சம்பளம் போச்சு. நல்ல சம்பளம் இருந்தா பேசாம ட்ரிபிள்-ஏக்குப் போயிடுவார். 5 வருஷம் முடிஞ்சவருக்கு ரெண்டும் உண்டு: மறுக்கலாம், பணமும் வரும்.

லெஃப்டிஸ்லைடர்:
ரெண்டு வகை ஆட்கள் விட்டுப்போச்சு. காயப்பட்டியல்ல இருக்கிறவரை சீசன்ல அவுட்ரைட் பண்ண முடியாது, ரிலீஸ்தான். ரூல் 5 ஆள்னா (ரூல் 5 டிராஃப்ட்ல வேற அணிகிட்டேர்ந்து எடுத்தவர்), வெய்வர்ல எடுக்கற அணிக்கும் அதே நிபந்தனை: சீசன் முழுக்க மேஜர்லயே வெச்சிருக்கணும். யாரும் எடுக்கலேன்னா 50,000 டாலருக்குப் பழைய அணிகிட்டத் திருப்பிக் கொடுக்க முன்வரணும், அவங்க வேண்டாம்னு சொன்னாத்தான் அவுட்ரைட்.

ட்ரிபிள்-ஏலேர்ந்து திரும்பக் கூப்பிட 40ல மறுபடி இடம் வேணும். ஆப்ஷனும் இல்லேன்னா அடுத்த தடவை இறக்க மறுபடி வெய்வர், அப்போ மறுக்கிற உரிமை அவர் கையில. அதனாலதான் அவுட்ரைட் ஆன ஆளை ரெண்டு நாள் புல்பென் (ரிலீவர்கள் கூட்டம்) நெருக்கடிக்கெல்லாம் மேல கொண்டுவர மாட்டாங்க, ஆப்ஷன் இருக்கிற யாரையாவது ஏத்தி இறக்குவாங்க.