உதவி: எயார்பேக் லைற் அணையுதில்லை

வவுனியாப் பெடியன்:
காரில் எயார்பேக் லைற் எரிந்தபடியே நிற்கிறது. பற்றறி வயரைக் கழற்றிப் போட்டும் பார்த்தாச்சு. தெரிந்த ஒருவர் பல்பைக் கழற்றிவிடச் சொல்கிறார். அப்படியே ஓடலாமா? திங்கள் வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போக வேணும். அவசரம்.

குளக்கட்டு:
என்ன கார், எத்தனையாம் ஆண்டு, எப்ப தொடங்கினது? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் சாத்திரியார்தான் பதில் சொல்ல வேணும்.

பரந்தன் சந்தி:
இது எயார்பேக் செய்த ஜப்பான் கம்பனி டகாட்டாவின் பிரச்சினைதான். வெக்கையும் ஈரமும் பட்டு உள்ளே இருக்கிற அமோனியம் நைத்திரேற்று பழுதாகும். பை விரியும்போது உலோகத்துண்டு பறக்கும். அதால்தான் 2017இல் கம்பனியே வங்குரோத்து ஆனது. உங்கட கார் திருப்பி அழைத்த பட்டியலில் இருக்கோ என்று உடனே சேஸி இலக்கத்தைப் பாருங்கோ.

பழைய ஸ்பானர்:
பரந்தன், அந்தப் பழுதுக்கு லைற் எரியாது. கணினி பார்ப்பது வயர் இணைப்பைத்தான், மருந்து கெட்டதா என்று அதற்குத் தெரியாது. இதை இங்கே எத்தனை தரம் எழுதுவது? தேடிப் படிக்க ஒருவருக்கும் பஞ்சி. சேஸி இலக்கம் பார்ப்பது நல்லதுதான், அது வேறு வேலை.
தம்பி, முன் சீற்றுக்குக் கீழே எயார்பேக் வயரின் மஞ்சள் சொக்கற் இருக்கும். சீற்றை நகர்த்தினீரா? ஹோர்ன் அடிக்குதா?

வவுனியாப் பெடியன்:
பிரீமியோ 2008. சீற்றைத் தொடவில்லை. ஹோர்ன் நேராகப் பிடித்தால் அடிக்கும், வலப்பக்கம் வெட்டினால் அடிக்காது. அது வேறு பிரச்சினையல்லோ?

குளக்கட்டு:
இதை முதலே சொல்லியிருக்கலாமே! ஸ்ரியறிங்குக்குள் இருக்கிற ஸ்பைரல் கேபிள், அதுதான் சுருள் வயர், போயிட்டுது. ஹோர்னுக்கும் சாரதிப் பக்க எயார்பேக்குக்கும் அதன் வழியாகத்தான் மின் போகிறது. மெதுவாகத் திருப்பிக் காதை வைத்துக் கேளுங்கோ, கடதாசி கசங்குவது போலச் சத்தம் வரும்.

மாங்குளத்தான்:
கார் கணினியில் பதிந்த பழுதுக் கோட்டை ஸ்கான் பண்ணிப் பாருங்கோ. போனில் பார்க்கிற மலிவுச் சாமான் சரிவராது, அது பெரும்பாலும் எஞ்சின் கோட் மட்டும்தான் காட்டும்.
அதுசரி, அந்தக் கால ஒஸ்ரின் ஏ40 காரில் எயார்பேக்கா இருந்தது? முன்னுக்கு ஒரு இரும்புக் கம்பி அடித்தால் காணும். முல்லைத்தீவு றோட்டில் இரவில் படுத்திருக்கிற எருமைக்கு அதுதான் மருந்து.

பழைய ஸ்பானர்:
நல்ல மருந்து! கம்பி அடித்தால் இடியின் வேகம் சென்சருக்குப் போகிற விதமே மாறும். பை பிந்தி விரியலாம், சும்மா தட்டுக்கும் விரியலாம். காரின் முன்பக்கம் நசுங்குவதே ஆளைக் காப்பாற்றத்தான்.
தம்பி, லைற் எரிந்தால் இடிபடும்போது பை விரியாமலே போகலாம். பல்பில் கை வைக்காதேயும். கேபிள் மாற்றுகிறவர் பற்றறி மைனஸைக் கழற்றி ஒன்றரை நிமிடமாவது பொறுத்துத்தான் ஸ்ரியறிங்கில் கை வைக்க வேணும். எயார்பேக்கில் மீற்றர் வைத்துப் பார்க்கவே கூடாது. புதுக் கேபிளை நடுவுக்கு எடுத்துப் பூட்டாவிட்டால் முழுதாக வெட்டும்போது அறுந்துவிடும். திருத்தினாலும் பெல்ற் எல்லோரும் போட வேணும், பின்னுக்கு இருக்கிறவர்களும்தான். பிள்ளையை முன்சீற்றில் மடியில் வைக்காதேயும், பை விரிகிற வேகத்துக்குப் பிள்ளை தாங்காது.

பரந்தன் சந்தி:
மாட்டுக்காரர் மாட்டைக் கட்டினால் கம்பியும் வேண்டாம், பையும் வேண்டாம்.

மாங்குளத்தான்:
எங்கே கட்டுறது? மேய்ச்சல் தரையெல்லாம் போன பிறகு பட்டியை வீட்டுக்குள்ளேயா வைக்கிறது?

பரந்தன் சந்தி:
அதுக்காக நடுறோட்டிலா?

வவுனியாப் பெடியன்:
ஸ்கானில் பி1801 வந்தது, சாரதிப் பக்க எயார்பேக் இணைப்பு அறுந்ததுக்கான கோட்டாம். கேபிள் மாற்றியாச்சு, லைற் அணைந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி.

குளக்கட்டு:
எவ்வளவு முடிந்தது? புதுசா, கழற்றின சாமானா? என்னுடையதும் அதே கார்தான்.