பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூரியனைக் காட்ட வீடியோ ஐபீஸ் சரிவருமா?

மங்கை_டீச்சர்:
வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பள்ளியில் 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத் தூரம் உள்ள டெலஸ்கோப் ஒன்று இருக்கிறது. முன்னாள் மாணவர் ஒருவர் அதற்கு யுஎஸ்பி வீடியோ ஐபீஸ் வாங்கித் தந்திருக்கிறார். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் லென்ஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகினால் லேப்டாப்பில் படம் வரும், 640×480 அளவுதான். சூரியன்மேல் கறுப்பாகத் தெரியும் சூரியப் புள்ளிகளைக் காட்ட ஆசைப்படுகிறேன். "கேமரா வழியாகவே காட்டுங்கள், யார் கண்ணுக்கும் ஆபத்தில்லை" என்கிறார் ஒரு ஆசிரியர். "திரையில் பார்க்க யூடியூப் போதுமே, டெலஸ்கோப் எதற்கு?" என்கிறார் இன்னொருவர். பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

வானோடி:
கேமராதான் டீச்சர். விழித்திரைக்கு வலி தெரியாது. வலித்தால் பிள்ளை கண்ணை எடுத்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. கெட்டபிறகு, பல நேரம் சில மணி நேரம் கழித்துத்தான், பார்க்கும் இடத்தின் நடுவில் கறுப்பாக ஒன்று மறைக்கிறது என்று தெரியவரும். வரிசையில் ஒரு வகுப்பே நிற்கும்போது ஒருவன் குழாயைப் பிடித்து ஆட்டுவான், இன்னொருவன் முன்னால் இருக்கும், வெயிலைக் குறைக்கும் பில்டரைத் தொட்டுப் பார்ப்பான், காற்றும் அடிக்கும். பில்டர் கழன்றால் கேமராவில் போவது படம் பிடிக்கும் ஒரு சென்சார். கண்ணில் போவதைத் திருப்பித் தர ஆள் கிடையாது. போதாததற்கு, ஒரே நேரத்தில் எல்லோரும் ஒரே புள்ளியைப் பார்க்கலாம், நீங்களும் விரலால் தொட்டுக் காட்டலாம். ஐபீஸில் பிள்ளை எதைப் பார்க்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

கதிர்_திருச்சி:
அண்ணா, கேமரா இருந்தால் ஆபத்தில்லை என்ற நினைப்புதான் எனக்குப் பயமே. சூரியனைக் குழாய்க்குள் கொண்டுவருவது யார்? குழாயின் பக்கத்தில் இருக்கும், குறிபார்க்க உதவும் சின்னக் குழாயான பைண்டரில் கண்ணை வைத்துத்தான் எல்லோரும் தேடுவார்கள். வீடியோ ஐபீஸில் பார்வைப் பரப்பு குறுகல் என்பதால் தேடும் நேரமும் கூடும். டீச்சர், முதல் வேலையாகப் பைண்டரைக் கழற்றி அறையில் வைத்துப் பூட்டுங்கள். குழாயின் நிழல் தரையில் எப்போது மிகச் சிறிதாகி வட்டமாகிறதோ, அப்போது குழாய் சூரியனை நோக்கி நிற்கிறது. அது போதும்.

அடுத்தது கணக்கு. சூரியனின் பிம்பம், குவியத் தூரத்தில் சுமார் 108-இல் ஒரு பங்கு. உங்கள் 700 மி.மீ. குழாயில் 6.5 மி.மீ. வரும். இந்த வகை ஐபீஸ்களில் பெரும்பாலும் 3.6×2.7 மி.மீ. சென்சார்தான் இருக்கும். முழுச் சூரியன் அதற்குள் அடங்காது. பிள்ளைகள் பார்க்கப்போவது திரையை அடைத்து நிற்கும் ஒரு வெளிறிய துண்டு. வட்டம் தெரியாது, ஓரம் மங்குவது தெரியாது. அது சூரியன் என்று நீங்கள் சொல்லித்தான் நம்ப வேண்டும்.

வானோடி:
அதற்குத்தான் பிம்பத்தைப் பாதியாக்கும் 0.5 மடங்கு குறைப்பான் லென்ஸ் இருக்கிறதே. சில ஐபீஸ்களோடு சேர்ந்தே வருகிறது.

கதிர்_திருச்சி:
அதைப் போட்டாலும் 3.25 மி.மீ. அகலத்தில் அடங்கும், உயரத்தில் அடங்காது. மேலும் கீழும் வெட்டுப்படும்.

வானோடி:
வெட்டுப்படட்டுமே. புள்ளிகள் பெரும்பாலும் சூரியனின் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள பட்டைகளில்தான் வரும், துருவங்களை ஒட்டி வராது. கேமராவைத் திருப்பிச் செருகி, அந்தப் பட்டைகள் படத்தில் நீளவாட்டில் வரும்படி வைத்துக்கொண்டால் வெட்டுப்படுவது துருவப் பகுதிதான்.

கணக்குச் சொன்ன தம்பிக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1859 செப்டம்பர் 1, இங்கிலாந்தின் ரெட்ஹில். ரிச்சர்ட் காரிங்டன் என்ற வானியலாளர் சூரிய பிம்பத்தைத் திரையில் 11 அங்குல வட்டமாக விழவைத்துப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். ஒரு பெரிய புள்ளிக் கூட்டத்தின் நடுவே திடீரென்று இரண்டு வெள்ளை ஒளித் திட்டுகள். சாட்சிக்கு ஆளைக் கூப்பிட ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தார், அதற்குள் அது மங்கத் தொடங்கிவிட்டது. ஐந்து நிமிடத்தில் எல்லாமே முடிந்தது. மனிதர் கண்ணில் பட்ட முதல் சூரியச் சுடர் வெடிப்பு அது. ஹாட்ஜ்சன் என்பவர் வேறோர் இடத்தில் தற்செயலாக அதையே பார்த்திருந்ததால் சாட்சி கிடைத்தது. வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் அவர் எதற்கு ஓட வேண்டும்?

கதிர்_திருச்சி:
அந்தச் சம்பவத்தில் முக்கியமான இடத்தை விட்டுவிட்டீர்கள். காரிங்டன் முதலில் நினைத்தது, நிழலுக்காக முன்னால் வைத்த மறைப்பில் ஓட்டை விழுந்து வெளிச்சம் ஒழுகுகிறது என்று. உடனே பிம்பத்தை நகர்த்திப் பார்த்தார். திட்டுகளும் புள்ளியோடு சேர்ந்தே நகர்ந்தன. சூரியனில்தான் நடக்கிறது என்று அப்போது உறுதியானது. நாள்தோறும் புள்ளிகளை வரைந்து பழகிய கண் என்பதால்தான் புதிதாக வந்தது உடனே பிடிபட்டது. என் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்தப் பழக்கம். 5.0 அடர்த்தி (எண் கூடினால் உள்ளே வரும் ஒளி குறையும்) பில்டர் தாள் வழியாக ஐபீஸில் பார்த்தால் புள்ளியின் கறுத்த நடுப்பகுதியும், அதைச் சுற்றி மயிரிழை போலச் சாம்பல் நிற விளிம்பும் தனித்தனியாகத் தெரியும். காற்று ஒரு நொடி அசையாமல் நிற்கும்போது சட்டென்று தெளியும், மறுபடி கலங்கும். கண் அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொள்ளும். மலிவான வீடியோ ஐபீஸில் இதெல்லாம் ஒரு மங்கல் கறையாகத்தான் வரும்.

வானோடி:
கேமராவும் அந்த நொடியைப் பிடிக்கும். இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து, தெளிவான பிரேம்களை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் சாம்பல் விளிம்பு தெரியும். மென்பொருள் இலவசம். மறுநாள் இன்னொரு படம் எடுத்தால் சூரியன் சுழல்வதையே காட்டலாம். கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைக் கண்ணாடித் தட்டில் பதிந்துவைத்ததால்தான் இன்றைக்கு அதை டிஜிட்டலாக்கி ஆராய முடிகிறது. 1909-இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் அங்கேதான், புள்ளியின் சாம்பல் விளிம்பில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். அதுவும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைப் படங்களை அளந்துதான்.

செல்வராசு_63:
தம்பிகளா, இரண்டு பேரும் அட்டையை மறந்துவிட்டீர்கள். ஐபீஸுக்குப் பின்னால் வெள்ளை அட்டை பிடித்தால் பிம்பம் விழும். காரிங்டனே அப்படித்தானே பார்த்தார்? காசு செலவில்லை, வகுப்பே பார்க்கலாம், பென்சிலால் புள்ளியைக் குறிக்கலாம்.

கதிர்_திருச்சி:
ஐயா, நல்ல முறைதான், தப்பே சொல்லமாட்டேன். ஆனால் அதில் பில்டர் கிடையாது. முழு வெயிலும் குழாய்க்குள் இறங்கும். இப்போது வரும் விலை குறைந்த ஐபீஸ்களில் பிளாஸ்டிக் பாகம் இருக்கிறது, உருகிவிடும். அதைவிட, ஐபீஸுக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு பிள்ளை தலையை நீட்டினால்?

செல்வராசு_63:
அந்த இடைவெளியைப் பெட்டி கட்டி மூடிவிட வேண்டும். திறந்த அட்டை நானும் வைக்கமாட்டேன்.

வானோடி:
பில்டர் பேச்சு வந்ததால் டீச்சருக்கு ஒன்று. 3.8 அடர்த்தியிலும் தாள் விற்கிறார்கள், கேமராவுக்கென்றே. 5.0 தாள் ஒளியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கை விடும், 3.8 அதைப்போல் 16 மடங்கு விடும். எக்ஸ்போஷர் நேரம் (கேமரா ஒளியை வாங்கும் நேரம்) குறையும், படம் ஆடாது. உங்களுக்கு அது வசதி.

கதிர்_திருச்சி:
இதை மட்டும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், பள்ளிக்குள் 3.8 வேண்டவே வேண்டாம். இன்று கேமராவோடு வைப்பீர்கள். அடுத்த வருடம் வேறொரு ஆசிரியர் அதே தாளைப் போட்டு, கேமராவை எடுத்துவிட்டு ஐபீஸைச் செருகுவார். தாளைப் பார்த்து எந்த அடர்த்தி என்று அவரால் சொல்ல முடியாது.

வானோடி:
அது சரி. பள்ளிக்கு 5.0 மட்டும் வாங்குங்கள் டீச்சர். எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொண்டால் கேமராவுக்கும் அது போதும்.

மங்கை_டீச்சர்:
டெலஸ்கோப் பெட்டியில் ஐபீஸின் அடியில் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று இருக்கிறது, சூரிய பில்டர் என்று போட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

கதிர்_திருச்சி:
கூடவே கூடாது. லென்ஸ் ஒன்றுகூட்டிய வெப்பம் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியில் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விடும். அடுத்தவர் கையில் சிக்காமல் சுத்தியலால் உடைத்துப் போடுங்கள். பில்டர் குழாயின் முன்வாயில், லென்ஸுக்கு வெளியே இருக்க வேண்டும். கேமரா வைத்தாலும் அப்படித்தான்.

வானோடி:
இதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. தாளை அட்டை வளையத்தில் ஒட்டி, வளையத்தைக் குழாயோடு டேப் போட்டுச் சுற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் வெயிலில் தூக்கிப் பிடித்து ஊசித் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

மங்கை_டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. 5.0 தாள் வாங்கச் சொல்லிவிட்டேன். முதலில் லேப்டாப்பில் எல்லோருக்கும் காட்டி எது புள்ளி, எது லென்ஸ் தூசி என்று புரியவைத்துவிட்டு, பிறகு ஒவ்வொருவராக ஐபீஸில் பார்க்கவிடலாம் என்று இருக்கிறேன்.

வானோடி:
ஐபீஸில் பார்க்கவிடுவது எனக்கு இன்னும் சம்மதமில்லை டீச்சர். விட்டே ஆகவேண்டுமென்றால், குழாயின் முன்வாய்ப் பக்கம் ஒரு ஆசிரியர் வேறு வேலை எதுவும் இல்லாமல் பில்டரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

கதிர்_திருச்சி:
நானே வந்து நிற்கிறேன், திருச்சிப் பக்கம் என்றால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். காலை 8 மணிக்கே தொடங்கிவிடுங்கள். சிமென்ட் தளம் வேண்டாம், புல்தரையாகப் பார்த்து வையுங்கள், தரை சூடேறினால் படம் கொதிப்பதுபோல் அலையும்.

செல்வராசு_63:
லேப்டாப்பை அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கறுப்புத் துணி போடுங்கள். வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது.