பால் டின் அளவைக் கிராமுக்கு மாற்றுவது எப்படி?

அக்கா, அண்ணன்மார்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தீபாவளிக்கு 5 கிலோ முறுக்கு கேட்டிருக்கிறார்கள். இன்னும் 9 நாள்தான் இருக்கிறது. அம்மாவின் அளவு முழுவதும் பால் டின் (கெட்டிப்பால் வந்த காலி டின்) கணக்கு: பச்சரிசி மாவு 4 டின், வறுத்த உளுத்தம் மாவு 1 டின். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த நாளிலிருந்து அதே டின்தான். அம்மா இப்போது இல்லை.

டின்னில் தண்ணீர் நிரப்பி நிறுத்தேன்: 300 கிராம், அதாவது 300 மில்லி. தராசில் கோளாறு இல்லை. 1 லிட்டர் தண்ணீர் சரியாக 1,000 காட்டுகிறது. மாவுதான் பிடிபடவில்லை. சலித்துத் தூவி நிரப்பினால் 165 கிராம், தட்டி நிரப்பினால் 195. நான்கு டின்னுக்கு 120 கிராம் வித்தியாசம்! முதல் கணக்கில் முறுக்கு எண்ணெய் குடித்துக் கையில் நொறுங்கியது. இரண்டாவதில் பல் உடையும் அளவுக்குக் கடினம். இணைய அட்டவணைகளும் உதவவில்லை. அமெரிக்கக் கோப்பை 240 மில்லி, நம் கடைக் கோப்பை 250.

பால் டின்னில் அளந்து முறுக்கு சுடுகிறவர்களே, ஒரு டின் பச்சரிசி மாவுக்கு எத்தனை கிராம் வைக்கிறீர்கள்?