கொரோனா நிவாரணம் யார் கணக்கில் விழுந்தது?

வெளிநாட்டில் இருக்கும் அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

கொரோனா நேரத்தில் அரசாங்கம் விவசாயிகளுக்குக் கொடுத்த பணம் நம்ம ஊருக்கும் வந்ததா என்று துபாயில் இருக்கும் அண்ணன் கேட்டிருந்தார். வந்தது அண்ணே. யாருக்கு வந்தது என்பதில்தான் வில்லங்கம்.

2020 மார்ச் 26 அன்று நிர்மலா சீதாராமன் அறிவித்தது, 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே தலா 2,000 ரூபாய். புதுப் பணம் ஒன்றும் இல்லை. மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 என்று ஏற்கெனவே இருந்ததில் ஒரு தவணையை முன்னதாகப் போட்டார்கள், அவ்வளவுதான். அதுவும் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. குத்தகைக்காரருக்குக் கிடையாது. வெளிநாட்டில் குடியிருக்கும் பட்டாதாரருக்கும் கிடையாது. (நம்மில் யார் கணக்கிலாவது விழுந்திருந்தால், நோட்டீஸ் வருமுன் கட்டிவிடுங்கள்.)

நம்ம ஊர்க் கணக்கு உங்களுக்கே தெரியும். பட்டா நம் பேரில், ஏர் இன்னொருவர் கையில், பேச்சு எல்லாம் வாய்வார்த்தை. அந்த வருஷம் எட்டு வருஷத்துக்கு அப்புறம் மேட்டூரை ஜூன் 12 அன்றே திறந்தார்கள். ஊரடங்கிலும் நாற்றுவிட்டு, ஆள் தேடி, குறுவை நட்டது குத்தகைக்காரர்கள். அந்த நிலத்துக்கு 2,000 நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை.

இதே நேரத்தில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் நிலமே இல்லாதவர்கள் பேரையெல்லாம் தரகர்கள் பிஎம் கிசான் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். அதிகாரிகளின் பாஸ்வேர்டு கைமாறியிருக்கிறது. 110 கோடி ரூபாய் போனது என்று வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடியே சொன்னார், சிபிசிஐடி விசாரித்தது. வயிற்றெரிச்சல்தான்.

குத்தகைக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ரேஷன் கார்டுக்குக் கொடுத்ததுதான்: 2020 ஏப்ரலில் 1,000, மறு வருஷம் இரண்டு தவணையாக 4,000. இதற்கிடையே 2021 பிப்ரவரியில் எடப்பாடி 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார். அதில் பலன் சொசைட்டியில் கடன் வாங்கியிருந்தவருக்கு. அடங்கலில் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கு) பேர் இல்லாதவருக்குச் சொசைட்டி எங்கே கடன் கொடுக்கும்? அவர் வெளியே வட்டிக்கு வாங்கியிருப்பார். அதை யார் தள்ளுபடி செய்வது?

நான் இருக்கும் அயோவாவிலும் 2020இல் விவசாயிகளுக்கு நிவாரணம் கொடுத்தார்கள். நாடு முழுக்க நேரடியாகக் கொடுக்க முதலில் ஒதுக்கியது 1,600 கோடி டாலர். அதிலும் பெரிய பண்ணைகள்தான் அதிகம் அள்ளின, மறுக்கவில்லை. ஆனால் பயிரின் லாப நஷ்டத்தில் யாருக்குப் பங்கு என்று பார்த்தார்கள். விளைச்சலில் பங்கு என்று பேசி வாரத்துக்குச் சாகுபடி செய்பவரும் தன் பங்குக்கு விண்ணப்பிக்க முடிந்தது.

குத்தகையை எழுத்தில் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நம் அப்பாக்கள் பயந்தார்கள். குத்தகைக்காரரை எளிதில் வெளியேற்ற விடாத 1955 குத்தகைச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அடங்கலில் சாகுபடி செய்பவர் பேர் ஏறினால் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு இரண்டுக்கும் அவர் போகலாம். நமக்குச் சட்டப்படி என்ன ஆகும் என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு செய்யலாமே.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் விஏஓவைப் பார்த்து, நம்மவர் நிலங்களில் அடங்கல் இப்போது யார் பேரில் ஓடுகிறது என்று விசாரித்து எழுதுங்கள். வக்கீல் செலவைச் சங்கக் கணக்கில் எடுக்கலாமா என்பதைப் பொருளாளர் சொல்லட்டும்.

அன்புடன்,
தெற்குத் தெருக்காரன்
அயோவா