ஃபிளெமிங் என்று கண்டால்: குடும்பப்பெயரா, மக்கள் பெயரா?

வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்பவர்கள் இந்தச் சொல்லிடம் கவனமாக இருங்கள். 1108 வாக்கில் இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றி, ஃபிளெமிங்குகளைத் தென்மேற்கு வேல்ஸின் பெம்புரோக்‌ஷயரில் குடியமர்த்தினார். அங்கே ‘ஃபிளெமிங் குடும்பத்தார்’ என்று எழுதினால் செய்தியே தவறாகிவிடும். போனவர்கள் ஃபிளாண்டர்ஸ் நாட்டுக் (இன்றைய பெல்ஜியத்தையும் வடபிரான்ஸையும் சேர்ந்த பகுதி) குடியேறிகள். சொல் பன்மையில் வந்தாலோ, பக்கத்தில் நார்மன், வெல்ஷ் என்று இனப்பெயர்கள் இருந்தாலோ மக்களைத்தான் குறிக்கும். ‘ஃபிளாண்டர்ஸ்காரர்’ என்று எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

* * *

12ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ஒருமையும் ஏமாற்றும். ‘லெ ஃபிளெமிங்’ என்றோ, லத்தீனில் ‘ஃபிளாண்ட்ரென்சிஸ்’ என்றோ இருந்தால், அது அந்த ஒருவருக்கு மட்டும் அக்கம்பக்கத்தார் வைத்த அடையாளமாக இருக்கலாம். மகனுக்கு வேறு பெயர் வந்திருக்கும். அடுத்தடுத்த தலைமுறைகளின் நிலப்பத்திரங்களிலும் அதே பெயர் தொடர்கிறதா என்று பார்த்த பிறகே குடும்பப்பெயர் என்று முடிவுகட்ட வேண்டும். பிரான்சில் இதே பொருளில் ஃபிளமான், டச்சில் வ்லாமிங். பெர்லினுக்குத் தென்மேற்கே உள்ள ஃபிளேமிங் மேட்டுநிலத்துக்கும் அங்கே குடியேறிய ஃபிளாண்டர்ஸ்காரர்களால்தான் பெயர்.

* * *

ஃபிளாண்டர்ஸ் எது என்பதும் காலத்தைப் பொறுத்தது. பழைய ஃபிளாண்டர்ஸில் புரூஜ், கென்ட் (Ghent) மட்டுமல்ல, இன்று பிரான்சில் இருக்கும் லீல், டன்கர்க் ஊர்களும் அடக்கம். ஆண்ட்வெர்ப் அதில் இல்லை, அது பக்கத்து பிராபன்ட் பகுதியில் இருந்தது. இன்றைய பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப்காரரும் டச்சு பேசும் ஃபிளெமிங்தான். ஆகவே நூலின் ஆண்டைப் பார்க்காமல் ‘பெல்ஜியத்தின் ஃபிளெமிங்குகள்’ என்று எழுதாதீர்கள். பெல்ஜியம் தனி நாடானதே 1830இல்தான்.

* * *

மாணவர்களுக்கு: பென்சிலினைக் கண்டறிந்த (1928) அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், ஸ்காட்லாந்துக்காரர். காந்தப்புலத்தில் மின்னோட்டக் கம்பி மீதான விசையின் திசையைச் சொல்லும் இடக்கை விதி ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங்குடையது, அவர் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் பிறந்தவர். இருவரையும் ஒருவராக்கும் விடைத்தாள்கள் நிறைய. செல் பிரிவை ஆராய்ந்த வால்தர் ஃபிளெம்மிங் ஜெர்மானியர்; மூலத்தில் இரண்டு ‘ம்’. தமிழில் ஒன்றை விட்டுவிடுவதால் அவரும் இந்த வரிசையில் கலந்துவிடுகிறார். விண்வெளித் தூசு மேகமான குதிரைத்தலை நெபுலாவைக் கண்டறிந்த வில்லியமினா ஃபிளெமிங்குக்கோ அது கணவர் வழிப் பெயர். பிறந்த வீட்டுப் பெயர் ஸ்டீவன்ஸ். பெயரை மட்டும் வைத்து இவர்களில் யாரையும் ஃபிளாண்டர்ஸ்காரர் என்று எழுத முடியாது.